குழல் நீண்ட வரலாறு

பரளச்சி வட்டாரத்து ஊர்களில் அம்மன் பொங்கலுக்கு நாள் குறித்தவுடன் பெரியவர்கள் கேட்கும் முதற்கேள்விகளுள் ஒன்று, "மேளம் சொல்லியாச்சா?" என்பது. இக்கேள்வியில் வரும் 'மேளம்' என்னும் சொல் தவிலைக் குறிக்கும், நாதசுரத்தைக் குறிக்கும், அவற்றை வாசிக்க வரும் நால்வரையோ ஐவரையோ சேர்த்தும் குறிக்கும். கருவிக்கும் அதனை இசைக்கும் மனிதனுக்கும் நம் பேச்சு வழக்கில் ஒரே பெயர். கலைஞன் தன் கருவியோடு ஒன்றிவிட்டான் என்று இதற்குப் பெருமையாகப் பொருள் சொல்லலாம். கருவியின் ஓசை வேண்டியிருந்ததே தவிர, வாசித்தவனின் பெயர் ஊருக்கு வேண்டியிருக்கவில்லை என்றும் பொருள் கொள்ளலாம். இரண்டுமே உண்மைதான்.

ஒரு புகழ்பெற்ற கலைஞனின் இசைக்கருவி அவன் மறைந்த பிறகு என்னவாகிறது? அது பண்பாட்டுச் சின்னமாக நிலைபெறுவது எவ்வாறு? அதனுள் பொதிந்திருக்கும் வரலாறு யாருடையது? இவ்வினாக்களை நாதசுரத்தை முன்வைத்து எழுப்புவதும், காவிரிக் கரையில் உருவான ஒரு குழல் நம் கரிசல் நிலத்தில் பெற்ற வாழ்வை நினைவுகூர்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விலை போன கிதார்

2020ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அமெரிக்காவில் நடந்த ஏலம் ஒன்றில் ஒரு மரக் கிதார் ஏறத்தாழ 60 இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. அன்றைய மதிப்பில் அது 45 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகை. அதுவரை எந்தக் கிதாரும் ஏலத்தில் பெற்றிராத விலை அது. நிர்வாணா என்னும் ராக் இசைக்குழுவின் தலைவர் கர்ட் கோபேன் 1993 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றிற்காக வாசித்த கருவி அது. மின்கிதாரின் பேரிரைச்சலால் புகழ்பெற்றிருந்த அக்குழு, அன்று அதனைத் தவிர்த்து மெல்லிய ஓசையில் பாடியது. ஐந்து திங்கள் கழித்து, 1994 ஏப்ரலில், தம் 27ஆம் வயதில் கோபேன் உயிர் துறந்தார். அந்த இரவும் அந்த மரணமும் சேர்ந்தே அந்தக் கிதாரின் விலையாயின.

அக்கருவியின் பிறப்பு வரலாறு நமக்கு நுட்பமாகத் தெரிகிறது. 1833இல் தொடங்கப்பெற்ற மார்ட்டின் என்னும் நிறுவனம் 1959இல் அதனைச் செய்தது. அந்த வகையில் 302 கிதார்களே செய்யப்பட்டன. அவற்றுள் இது ஏழாவது. வலக்கைக்காரருக்கெனச் செய்யப்பட்ட அக்கருவி, இடக்கைக்காரரான கோபேனுக்காகப் பின்னர் மாற்றியமைக்கப்பட்டது. ஒவ்வொரு கருவிக்கும் எண்ணிட்டு ஏட்டில் பதிந்துவைக்கும் தொழிற்சாலை வழக்கத்தால் இச்செய்திகள் நமக்குக் கிடைக்கின்றன. செய்தவர் பதிந்தார், வாங்கியவர் காத்தார், வாசித்தவர் புகழ் சேர்த்தார், ஏலக்காரர் விலை வைத்தார்.

தமிழகத்தின் மாபெரும் நாதசுரக் கலைஞர்கள் வாசித்த கருவிகளுக்கு இத்தகைய ஏலம் எதுவும் நடந்ததில்லை. இதனை நம் அறியாமையாக மட்டும் கருதிவிட முடியாது. கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காக்கக்கூடிய பொருளாக நாதசுரம் அமையவில்லை என்பதும் ஒரு காரணம். அதனை அறிய அக்கருவியின் உறுப்புகளைக் காணவேண்டும்.

மரமும் நாணலும்

நாதசுரத்தின் நீண்ட உடற்பகுதிக்கு உலவு என்று பெயர். அதன் அடியில் ஊமத்தம்பூப்போல் விரிந்து நிற்பது அணசு. உலவின் மேல்முனையில் கெண்டை என்னும் சிறு உலோகக் குழல் பொருத்தப்படும். கெண்டையின்மேல் செருகப்படுவது சீவாளி. கலைஞனின் உதடு தொடுவது இச்சீவாளியை மட்டுமே. உலவின் முகப்பில் விரல் வைத்து வாசிப்பதற்கு ஏழு துளைகள் உண்டு. விரல் படாத வேறு ஐந்து துளைகளும் உண்டு. அவற்றை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதியைச் செம்மை செய்வர்.

கும்பகோணம் பகுதியில் உள்ள நரசிங்கம்பேட்டை நாதசுரம் செய்வதற்குப் பெயர்பெற்ற ஊர். அங்குச் செய்யப்படும் நாதசுரத்திற்கு 2022இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அவ்வூர் ஆசாரிமார் உலவு கடைவதற்கு ஆச்சா மரத்தையே தேடுவர். அதிலும் புதிதாக வெட்டிய மரத்தை விரும்புவதில்லை. இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் உத்தரம், தூண், நிலை ஆகியவற்றிலிருந்து பெற்ற, பல்லாண்டுகள் ஈரம் வற்றி முதிர்ந்த மரமே குழலுக்கு ஏற்றது என்பது அவர்களுடைய பட்டறிவு. ஒரு குடும்பத்தின் கூரையைத் தாங்கிய உத்தரம், அக்குடும்பம் மறைந்தோ பிரிந்தோ போனபின், மற்றொரு குடும்பத்தின் மணப்பந்தலில் பாடுவதற்கு வருகிறது.

இங்கே கரிசல் நிலத்தார் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஆச்சா, ஆற்றங்கரை மரம் அன்று. மழை குறைந்த, பாறையும் சரளையும் மண்டிய வறண்ட காடுகளில் வளர்வது அது. நீரில் இட்டால் மூழ்கிவிடும் அளவுக்குக் கனமான மரம். இந்திய மரங்களுள் மிகக் கனமானவற்றில் ஒன்று. வறட்சியோடு போராடி மெல்ல மெல்ல வளர்ந்ததன் இறுக்கம் அதன் வைரத்தில் தங்கியிருக்கிறது. சீவாளியோ முற்றிலும் வேறு இயல்பினது. காவிரி, கொள்ளிடக் கரைகளில் நீரோரம் வளரும் நாணல் வகையின் தட்டையைப் பதப்படுத்திச் செய்வது அது. திருவாவடுதுறை சீவாளி செய்வதற்குப் புகழ்பெற்ற ஊர். எனவே நாதசுரம் என்பது வறண்ட நிலத்து மரமும் ஈர நிலத்து நாணலும் கூடிப் பிறந்த கருவி. மருதநிலத்தின் மங்கல இசை என்று பொதுவாகச் சொல்லப்படும் இக்குழலில், வானம் பார்த்த நிலத்திற்கும் தொடக்கம் முதலே பங்கு இருக்கிறது.

உலவு தலைமுறைகளைக் கடந்து நிற்கும். சீவாளியோ நெடுநாள் தாங்காது. எச்சிலின் ஈரத்தில் நெகிழ்ந்து, உதட்டின் அழுத்தத்தில் பழகி, விரைவில் தேய்ந்து போகும். அதனாலேயே கலைஞர்கள் ஒரு சீவாளியோடு நில்லாமல் பலவற்றைச் சரமாகக் கோத்துக் குழலோடு தொங்கவிட்டிருப்பர். குழலை எவ்வளவு கருத்தாகப் பேணினாலும், அந்தக் கலைஞன் அன்று இசைத்த நாதத்தில் பாதியை அந்தச் சீவாளி தன்னோடு கொண்டுபோய்விடுகிறது. கம்பி மாற்றினால் கிதார் மீண்டும் ஒலிக்கும். நாதசுரத்திற்கோ புதிய நாணலோடு புதிய மூச்சும் பழகிய உதடும் வேண்டும்.

திமிரியும் பாரியும்

நாதசுரத்தில் திமிரி, பாரி என இருவகை உண்டு. திமிரி குட்டையானது, அதன் சுருதி உயர்ந்தது. பாரி நீண்டது, அதன் சுருதி தாழ்ந்தது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், திறந்த வெளியில், தேரோடும் வீதியில், வாணவேடிக்கைக்கும் மக்கள் ஆரவாரத்திற்கும் நடுவே ஒலிக்க வேண்டிய கருவிக்கு உயர்ந்த சுருதி தேவையாயிருந்தது. திமிரியின் கூர்மையான ஓசை அந்தத் தேவைக்குப் பொருந்தியது. ஆயினும் ஓர் இராகத்தை மந்தரத்திலிருந்து மெல்ல எழுப்பி, கமகங்களைக் குழைத்து, ஒரு பாடகன் பாடுவதுபோல் விரித்துச் செல்வதற்கு அந்த ஓசை எளிதில் இடம் தரவில்லை.

இந்த நிலையை மாற்றியவர்களுள் தலையாயவர் திருவாவடுதுறை டி.என். இராஜரத்தினம் பிள்ளை. 1898இல் பிறந்து 1956 டிசம்பரில் மறைந்த அவர், முதலில் வாய்ப்பாட்டுப் பயின்றவர். பாட்டின் குழைவைக் குழலில் கொண்டுவர வேண்டும் என்னும் வேட்கை அவருக்கு இயல்பாகவே இருந்தது. அந்த வேட்கைக்கு உருவம் கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை அரங்கநாதன் ஆசாரி. பழைய குழலில் சுத்த மத்திமம் சரியாக நில்லாது. வாசிப்பவர் மூச்சாலும் உதட்டாலும் அதனைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருந்தது. உலவின் நீளம், உட்குடைவு, துளைகளுக்கு இடையிலான தொலைவு ஆகிய அனைத்தையும் மீண்டும் மீண்டும் கணித்து, கடைந்து, பிழைபட்டவற்றை ஒதுக்கி, சுத்த மத்திமம் செம்மையாக ஒலிக்கும் பாரி நாதசுரத்தை அரங்கநாதன் ஆசாரி உருவாக்கினார். இராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டுகளில் ஏறி நாடெங்கும் பரவியது. அந்தத் தோடியில் பாதி தச்சுப்பட்டறையில் பிறந்தது எனலாம்.

வித்துவானின் பெயரை அறிந்தவர் இலட்சக் கணக்கினர். ஆசாரியின் பெயரை அறிந்தவர் அத்துறையோடு தொடர்புடைய சிலரே. மார்ட்டின் நிறுவனத்தின் பெயர் அது செய்த கிதாரின் தலையில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நம் மரபில் செய்தவனின் பெயர் வாசித்தவனின் புகழுக்குள் கரைந்து போனது.

நின்றவர் அமர்ந்தது

குழலின் நீளம் மாறியது இசைநுட்பச் செய்தி மட்டுமன்று. அதனை ஏந்திய மனிதனின் நிலையும் அதே காலத்தில் மாறியது. நாதசுரக்காரர் நெடுங்காலம் நின்றுகொண்டும் நடந்துகொண்டும் வாசித்தவர். கோயிலிலும் ஊர்வலத்திலும் அது கடமையின் பகுதி. ஆனால் செல்வர் வீட்டுத் திருமணத்திலும் அவர் நின்றார். மேலாடை அணியாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். அவரது இசை மங்கலம் என்று போற்றப்பட்டது. அவரோ அவ்வீட்டுத் திண்ணையில் சமமாக அமரத் தகுதியற்றவராக நடத்தப்பட்டார்.

இராஜரத்தினம் பிள்ளை இவ்வழக்கங்களை ஒவ்வொன்றாக உடைத்தார். முடியைக் கத்தரித்துக்கொண்டார், சட்டையும் சேர்வானியும் அணிந்தார், மேடை போட்டு அமர்ந்து வாசிப்பதை வலியுறுத்தினார். சுருதிக்கு ஒத்து ஊதும் வழக்கத்தை விடுத்துத் தம்புராவை வைத்துக்கொண்டார். வாய்ப்பாட்டுக் கச்சேரிக்கு உரிய மரியாதை அனைத்தும் நாதசுரக் கச்சேரிக்கும் வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. அதனைத் திமிர் என்று சொன்னவர் பலர். குட்டைக் குழலாகிய திமிரியை அவர் கைவிட்ட காலத்தில், அவர்மீதே திமிர் என்னும் பட்டம் சூட்டப்பட்டது! பிறர் எவர்க்கும் இயல்பாகக் கிடைத்ததை ஒரு மேளக்காரர் கேட்டுப் பெற்றால் அதற்குத் திமிர் என்று பெயரிடுவது நம் சமூகத்தின் வழக்கம்.

அவர் தனித்து நிற்கவில்லை. காலமும் அவரோடு சேர்ந்து நடந்தது. செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் நடந்த ஊர்வலம் ஒன்றில் மதுரை சிவக்கொழுந்து தோளில் துண்டு அணிந்து வாசித்ததைச் சிலர் எதிர்த்தபோது, துண்டை எடுக்க வேண்டாம் என்று பட்டுக்கோட்டை அழகிரிசாமி அவர்பக்கம் நின்றது சுயமரியாதை இயக்க வரலாற்றில் இடம்பெற்ற நிகழ்ச்சி. ஒரு சாண் துண்டு இடுப்பிலிருந்து தோளுக்கு ஏறுவதற்கு ஓர் இயக்கம் தேவைப்பட்டது.

1947 ஆகஸ்டில் தில்லியில் நாடு விடுதலை பெற்ற வேளையில் இராஜரத்தினம் பிள்ளையின் நாதசுரம் ஒலித்தது. நாட்டின் விடுதலையை வரவேற்ற அந்தக் குழல், தன்னை ஏந்தியவர்களின் விடுதலைக்காகவும் அதற்குமுன் பல்லாண்டுகள் போராடிய குழல். சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது முதன்முதலாக நாதசுரக் கலைஞர் ஒருவருக்குக் கிடைத்தது 1956இல். அதனைப் பெற்றவர் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளை. இராஜரத்தினம் பிள்ளை மறைந்ததும் அதே ஆண்டில்தான். அவ்விருது அவரை அடையவே இல்லை.

கரிசலுக்கு வந்த குழல்

ஆறு இல்லாத நாட்டில் பெருங்கோயில்கள் குறைவு. கோயில் மானியத்தில் வாழ்ந்த மேளக்காரர் குடும்பங்களும் குறைவு. குண்டாற்றங்கரையில் பூமிநாதர் உறையும் திருச்சுழி போன்ற பாடல்பெற்ற தலங்கள் இப்பகுதியில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆயினும் இந்நிலம் இசைக்கு அந்நியமானதன்று. பரளச்சிக்குத் தென்மேற்கே உள்ள எட்டயபுரத்தில்தான் முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் மறைந்தார். அவர் மரபில் வந்த சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெருநூல் 1904இல் அங்கிருந்தே வெளிவந்தது. சாகித்தியத்தை நாடாமல் இராகத்தையே மணிக்கணக்கில் பாடிய நல்லப்ப சுவாமிகள், விளாத்திகுளம் சுவாமிகள் என்று ஊர்ப்பெயராலேயே அறியப்பட்டார். சோளமும் கம்பும் பருத்தியும் விளைந்த புஞ்சைகளுக்கு நடுவே இராகமும் விளைந்தது.

சமீன்களின் காலம் முடிந்தபின் இசையைப் புரந்தவர்கள் மாறினர். ஆலைகளும் சந்தைகளும் வளர்ந்த கோவில்பட்டி, விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை போன்ற ஊர்களின் வணிகர்களும் விழாக் குழுவினரும் அப்பொறுப்பை ஏற்றனர். இச்சூழலில்தான் இராஜரத்தினம் பிள்ளையின் குழல் மரபு கரிசலுக்கு வந்து சேர்ந்தது. அதனைக் கொண்டுவந்தவர் காருகுறிச்சி அருணாசலம்.

1921இல் திருநெல்வேலிச் சீமையில் சேரன்மாதேவிக்கு அருகிலுள்ள காருகுறிச்சியில் பிறந்த அருணாசலம், இராஜரத்தினம் பிள்ளையின் மாணவராகி, அவருக்கு இணைநாதசுரம் வாசித்து, அவரது பாணியை உள்வாங்கினார். பின்னர்க் கோவில்பட்டியைத் தம் வாழிடமாகக் கொண்டார். 1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' திரைப்படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இணைந்தும் போட்டியிட்டும் ஆபேரி இராகத்தில் அவர் வாசித்த பாடல், கச்சேரி மேடையையே கண்டிராத சிற்றூர் மக்களுக்கும் நாதசுரத்தின் ஆழத்தை அறிமுகப்படுத்தியது. டூரிங் டாக்கீசின் மணல்தரையில் அமர்ந்திருந்த சம்சாரியும் அதற்குத் தலையசைத்தார். இரண்டே ஆண்டுகளில், 1964இல், அருணாசலம் மறைந்தார். 

கரிசல் இலக்கியம் தனியொரு கிளையாகத் தழைத்த காலமும் அதுவே. இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி ஆகிய இருவரும் இசையில் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர்கள். விளாத்திகுளம் சுவாமிகளிடம் இசை கற்க முற்பட்டவர் கி.ரா.; காருகுறிச்சியாரோடு நட்புக் கொண்டிருந்தவர். இந்நிலத்தின் உரைநடையில் காணும் பேச்சின் ஏற்ற இறக்கமும், ஒரு சொல்லைச் சுற்றிச் சுற்றி வந்து விரிக்கும் போக்கும் இராக ஆலாபனையைக் கேட்டுப் பழகிய செவிகளிலிருந்தும் வந்திருக்கலாம் என்று எண்ண இடமுண்டு.

வடக்கே மதுரையிலிருந்தும் இந்நிலத்திற்குக் குழலோசை வந்தது. 1968இல் வெளியான 'தில்லானா மோகனாம்பாள்' திரைப்படத்தில் நாயகனின் குழலாக ஒலித்தது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு. இராஜரத்தினம் பிள்ளையின் பாணி சாதி, சமய எல்லைகளையும் கடந்தது. ஆந்திரத்தின் கரவதியில் 1924இல் பிறந்த ஷேக் சின்ன மௌலானா அவ்விசையில் உள்ளம் பறிகொடுத்து, நாச்சியார்கோயில் சகோதரர்களிடம் தஞ்சைப் பாணியைப் பயின்று, திருவரங்கத்தில் குடியேறி, 1998இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். அவருடைய மாணவர்களான ஷேக் மெகபூப் சுபானி, காலிஷாபி இணையர்க்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஒரு பெண் நாதசுரக் கலைஞர் அத்தகைய மேடையை அடைந்ததும் இவ்வரலாற்றின் பகுதியே.

ஒத்தும் நையாண்டியும்

இதுவரை கூறியவை வெற்றியின் வரலாறு. அவ்வெற்றி எல்லாரையும் சென்றடைந்ததா என்று கேட்பது நம் கடமை.

ஒத்து என்பது நாதசுரம் போன்றே நீண்ட குழல். அதில் விரல் வைத்து வாசிக்கத் துளைகள் இல்லை; ஆதார சுருதி ஒன்றை மட்டும் இடைவிடாது ஊதிக்கொண்டிருக்க வேண்டும். வித்துவான் இளைப்பாறலாம், தவில்காரர் கைமாற்றலாம், ஒத்துக்காரர் மூச்சை நிறுத்தக் கூடாது. இரவு முழுதும் ஊதியும் அவருக்கென்று ஓர் இராகம் இல்லை. தம்புராவும், பின்னர்ச் சுருதிப்பெட்டியும் வந்தபோது ஒத்துக்காரர் மேடையிலிருந்து இறங்கினார். மேளத்தின் மதிப்பை உயர்த்திய அதே மாற்றம் ஒரு கலைஞரின் பிழைப்பை எடுத்துக்கொண்டது. இன்று அவர் எஞ்சியிருப்பது மொழியில் மட்டுமே. பிறர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுபவனை 'ஒத்து ஊதுகிறான்' என்று இகழ்கிறோம். ஓர் இசைக்குழுவின் அடித்தளமாக நின்ற உழைப்பு, இகழ்ச்சிச் சொல்லாகச் சுருங்கிப் போனது. சொல்லைத் தொழிலாகக் கொண்ட கவிஞர்கள் இதனைச் சற்றே எண்ணிப்பார்க்க வேண்டும்.

அடுத்து நையாண்டி மேளம். கரகாட்டத்திற்கு வாசிக்கும் இம்மேளத்தில் நாதசுரமும் தவிலும் பம்பையும் தமுக்கும் சேர்ந்து ஒலிக்கும். பாரியின் வரவுக்குப் பின்னும் உரத்த சுருதி இங்கே தன் இடத்தை இழக்கவில்லை. பரளச்சி, திருச்சுழிப் பகுதிகளின் மக்கள் தம் வாழ்நாளில் மிகுதியாகக் கேட்ட நாதசுரம் இதுவே. ஆட்டக்காரியின் காலுக்கும் தவிலின் தீர்மானத்துக்கும் இடையே, கூட்டத்தின் கூச்சலுக்கு மேலே, விடியும்வரை ஒரு மெட்டை அறாமல் கொண்டுசெல்வது எளிய செயலன்று. கச்சேரி மேடையில் அது வித்தை எனப்படும். கோயில் திடலில் அதற்கு நையாண்டி என்று பெயர். பெயரிலேயே கேலியைச் சுமந்துகொண்டு ஒரு கலை வாழ்ந்து வருகிறது.

இராஜரத்தினம் பிள்ளை உடைத்த வழக்கங்கள் பல, திடலில் வாசித்தவர்களுக்கு உடையாமலே நின்றன. அவர் அமர்ந்தார், இவர்கள் நின்றார்கள். அவருடைய இசைத்தட்டுகள் பாதுகாக்கப்பட்டன. இவர்களுடைய வாசிப்பு அன்றிரவோடு காற்றில் கலந்தது. ஒரே ஆச்சா மரம், ஒரே நாணல், ஒரே ஏழு துளைகள். ஆனால் எந்தக் குழலை நினைவில் வைப்பது என்பதைக் குழல் முடிவு செய்வதில்லை.

இன்றைய நிலை வேறுவகையில் கவலைக்குரியது. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாதசுரமும் தவிலும் கற்பிக்கப்படுகின்றன. ஆர்வத்தோடு கற்போரும் இருக்கின்றனர். ஆயினும் திருமண மண்டபங்களில் பதிவுசெய்த இசை மேளத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஊர்வலங்களில் கேரளத்துச் செண்டை முன்னே செல்கிறது. மங்கல நாண் பூட்டும் வேளையில் ஒலிக்கும் கெட்டிமேளத்திற்காக மட்டும் கலைஞர்களை அழைத்து, மற்ற நேரத்தில் அவர்களை மூலையில் அமர வைக்கும் வழக்கமும் வந்துவிட்டது. நின்றவர் அமர்வதற்கு ஒரு நூற்றாண்டு போராட்டம் தேவைப்பட்டது. அமர்ந்தவரைக் கேட்பதற்கு இப்போது செவிகள் தேவைப்படுகின்றன.

எதனைக் காப்பது?

கோபேனின் கிதாரை வாங்கியவர், கலைஞர்களின் நலனுக்காக அதனை ஊர் ஊராகக் காட்சிக்கு வைக்கும் எண்ணத்தை வெளியிட்டார். அது நல்ல எண்ணமே. ஆனால் நாதசுரத்திற்கு நாம் செய்யவேண்டுவது வேறு. புகழ்பெற்ற வித்துவான் ஒருவரின் குழலை எடுத்துக் கண்ணாடிக்குள் வைத்தால், நாம் காப்பது அந்த மரத்தை மட்டுமே. உத்தரமாயிருந்த மரத்தைக் கண்டெடுத்தவர், அதனைக் கடைந்தவர், நாணல் அறுத்தவர், சீவாளி கட்டியவர், ஒத்து ஊதியவர், தவில் தாங்கியவர், திடலில் விடியும்வரை கேட்டவர் ஆகிய அனைவரும் அந்தப் பேழைக்கு வெளியே நின்றுவிடுவர்.

எழுதத் தெரிந்தவர்கள் கூடியிருக்கும் ஓர் இலக்கிய வட்டத்தால் செய்யக்கூடிய பணி இங்கே இருக்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் சென்ற ஐம்பது அறுபது ஆண்டுகளில் வாசித்த மேளக்காரர்களின் பெயர்களை ஊர்வாரியாகத் தொகுக்கலாம். அவர்கள் கையிலுள்ள குழல் எந்த ஊரில் யாரால் கடையப்பட்டது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எந்தச் சுருதியில் ஒலித்தது, எந்தெந்த ஊர்ப் பொங்கலுக்கு அதனை எடுத்துச் சென்றனர் என்று அவர்களிடமே கேட்டு எழுதலாம். பழைய விழா அழைப்பிதழ்களையும் புகைப்படங்களையும் தேடிச் சேர்க்கலாம். மூத்த கலைஞர்களின் வாசிப்பை, மண்டபத்தில் அன்று, திடலிலேயே ஒலிப்பதிவு செய்யலாம். பத்தாண்டு நிறைவு காணும் அமைப்பு அடுத்த பத்தாண்டுக்கு மேற்கொள்ளத்தக்க வேலை இது. இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும். காலம் தாழ்த்துவதுதான் கூடாது; ஏனெனில் சொல்லவேண்டியவர்கள் முதியவர்கள்.

அவ்வாறு ஒரு தொகுப்பு உருவாகுமாயின், "மேளம் சொல்லியாச்சா?" என்று யாரேனும் கேட்கும்போது, "சொல்லியாச்சு, இன்னார் வாசிக்கிறார்" என்று பெயரோடு விடை சொல்லும் வழக்கம் இந்த ஊர்களில் ஏற்படலாம்.